பதினோராம் நாள் பாடு

அத்தியாயம் 6

துடுப்பின் முதல் அடி ஜோயலின் இடது தோளில் விழுந்தது. இரண்டாவது அடி தலைக்கு வந்தது. அவன் குனிந்துவிட்டதால் அது கடலோரத் தகவல் மையத்தின் கதவில் பட்டு, அங்கே ஒட்டியிருந்த 'அனைவரும் வருக' என்ற காகிதத்தைக் கிழித்தது.

"வருகன்னு எழுதி வெச்சிட்டு இப்டியா வரவேப்பீங்க?" என்றான் ஜோயல், தோளைப் பிடித்துக்கொண்டு.

எலும்பு நொறுங்கினாலும் அவன் வாய் மட்டும் ஓயாது. ராயபுரத்தில் நடத்திய பிரவுசிங் சென்டரை மூடிவிட்டு, துப்பறியும் மோகனப்பிரியாவிடம் உதவியாளனாகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. வாங்கிய அடிகளில் பாதி அந்த வாய்க்காக வாங்கியவை.

துடுப்பை ஓங்கியவன் கோபால். முப்பது வயது, உப்பில் ஊறிய உடம்பு, தூங்காத கண்கள். அவனுக்குப் பின்னால் கோட்டைக்குப்பத்து ஆண்கள் நாற்பது பேர். மரக்கோல், மீன் கத்தி, சைக்கிள் செயின் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள்.

"நவுரு. உள்ள இருக்கறவள வெளிய வுடு" என்றான் கோபால். "மூணு பேர முழுங்கினு உக்காந்துனு இருக்கா."

உள்ளே இருந்தவள் காவியா. எளாவூர்ப் பக்கத்து நெல்விவசாயக் குடும்பத்துப் பெண், இருபத்திரண்டு வயது. தினமும் விடியற்காலையில் மையத்துக் கம்ப்யூட்டரில் கடல் நிலவரத்தைப் பார்த்து ஒலிபெருக்கியில் படிப்பதுதான் அவள் வேலை. பதினோரு நாளைக்கு முன்னால் 'கடல் சாதாரணம்' என்று படித்தாள். அதை நம்பி ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் போன படகை அலை தூக்கிக் கவிழ்த்தது. போனவர்கள் ரமேஷும் இன்னும் இரண்டு பேரும். மூன்றாம் நாள் கரை ஒதுங்கிய ரமேஷுக்கு முகம் என்று ஒன்று இல்லை, நண்டு தின்றிருந்தது. அவன் இடுப்பில் கிடந்த அரைஞாண் கயிற்றைப் பார்த்துத்தான் அம்மா முனியம்மாள் மகனை அடையாளம் சொன்னாள்.

விபத்து என்று எழுதிக்கொண்டு போலீஸ் போய்விட்டது. நேற்றுக் காரியம் முடிந்த கையோடு பிரசாந்த் வந்தான். ஏரியைச் சுற்றியிருக்கும் பதினோரு குப்பத்துத் தகவல் மையங்களுக்கும் அவன்தான் கம்ப்யூட்டர் மெக்கானிக், பொன்னேரிக்காரன். அன்று விடியற்காலை மூன்று மணிக்கே சிவப்பு எச்சரிக்கை வந்திருந்ததைத் தன் போனில் எல்லோருக்கும் காட்டினான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. காவியாவின் உதடு கிழிந்தது, கூந்தலை மீன் கத்தியால் அறுத்தார்கள், மையத்துக்குள் தள்ளிப் பூட்டினார்கள். அவள் அம்மா சரோஜா விடியும் முன் மோகனப்பிரியாவுக்குப் போன் செய்து கதறியதால்தான் இவர்கள் இங்கே வந்து நிற்கிறார்கள்.

"கோபால், இருப்பா" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் குப்பத்துத் தலைவர் செங்கல்வராயன். மோகனப்பிரியாவைப் பார்த்தார். "இன்னாம்மா, சொல்லுங்க. எவ்ளோ நேரம் வோணும்?"

"பதில் கிடைக்கிற வரைக்கும்."

"பன்னெண்டு மணிக்குத் தண்ணி வடிய ஆரம்பிக்கும். கோபால் வல கட்டப் போவணும். அதுக்குள்ள சொல்லு. இல்லாங்காட்டி நான் குறுக்க வர மாட்டேன்."

அப்போது மணி பத்தே முக்கால். பொன்னேரியிலிருந்து போலீஸ் ஜீப் கிளம்பிவிட்டது என்று போனில் ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

வேப்பமர நிழலில் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பிரசாந்த் எழுந்து வந்து ஜோயலுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "நான் காட்டுனது தப்பாப் போச்சு சார். இப்டி ஆகும்னு நெனைக்கல. பாவம் சார் அந்தப் பொண்ணு."

நல்ல பையன் என்று ஜோயல் நினைத்துக்கொண்டான்.

உள்ளே ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். சுவரில் மீன்பிடி அறிவிப்புகளுக்கு நடுவே 'காணவில்லை: வனக் காவலர் தனசேகர்' என்று போலீஸ் நோட்டீஸ். அதன் கீழே நீளமான பலகையில் குப்பத்து ஆட்களின் போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. மூலையில் காவியா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் ரத்தம் காய்ந்திருந்தது. வெட்டிய முடி கழுத்தில் ஒட்டியிருந்தது.

"எங்க நைனா மேல சத்தியமா 'சாதாரணம்'னுதான் இருந்துச்சு மேடம். இருந்ததத்தான் படிச்சேன்."

"இன்னிக்குக் காலைல?"

"பிரசாந்த் சாரே வந்து, எல்லாரையும் நிக்க வெச்சு, ஸ்க்ரீனப் பாத்து மைக்ல படிச்சாரு. இன்னிக்கும் சாதாரணம்தான்."

ஜோயல் கம்ப்யூட்டரில் கடல் நிலவரப் பக்கத்தைத் திறந்தான். பச்சைப் பட்டையில் 'கடல் சாதாரணம்' என்றிருந்தது. பிறகு தன் போனை எடுத்து, தன் சொந்த சிம்மில் அதே பக்கத்தைத் திறந்தான். சிவப்பு. நண்பகல் முதல் மூன்று மீட்டர் அலை, யாரும் போக வேண்டாம்.

அவனுக்குத் தோள் வலி மறந்துபோயிற்று.

"மேடம், பக்கம் ஒண்ணு, பதில் ரெண்டு. அலையவே ஆள் பாத்து அனுப்புறானுங்க."

"கிண்டல் அப்புறம். எப்படி?"

ஜோயல் செட்டிங்கைத் திறந்து ஒரு கட்டத்தில் விரலை வைத்தான். "பதினோரு குப்பம், பதினோரு கம்ப்யூட்டர், எல்லாத்துக்கும் ஒரே நெட்வொர்க். இண்டர்நெட்டுக்கு இந்த வாசல் வழியாப் போன்னு ஒவ்வொண்ணுகிட்டயும் போய் ப்ராக்ஸி செட்டிங் போட எவனுக்குப் பொறுமை? அதுக்கு ஒரே ஒரு டிக். 'தானாகக் கண்டுபிடி'. காலைல ஆன் பண்ண உடனே இது நெட்வொர்க்ல நின்னு, 'வாசல் எங்கப்பா, யாராச்சும் சொல்லுங்க'ன்னு கூவும். எவன் மொதல்ல வழி சொல்றானோ அவன் பின்னாடியே போயிடும். நீ யாரு, உன் ஊரு இன்னான்னு ஒரு வார்த்த கேக்காது. என் சித்தப்பா மூணு தபா சீட்டுக் கம்பெனில ஏமாந்தது இப்டித்தான்."

"இங்கே வழி சொன்னது யார்?"

"பக்கத்துலதான் இருக்கணும். தூரத்து ஆளவிட முந்திக்கணும்ல?"

மேஜைக்கு அடியில் பார்த்தான். ஒலிபெருக்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. வெளியே எவனோ கல்லால் ஜன்னலை அடித்தான். கண்ணாடிச் சில் பறந்து காவியாவின் காலடியில் விழுந்தது. அவள் கத்தக்கூட இல்லை. மோகனப்பிரியா போய் அவள் முன்னால் நின்றுகொண்டாள்.

ஜோயலின் பார்வை சார்ஜ் பலகைக்குப் போயிற்று. ஒவ்வொன்றாக எண்ணினான்.

"மேடம், சார்ஜர் பதினாலு, போனு பதிமூணு. பதினாலாவது யாருக்குச் சோறு ஊட்டுது?"

கடைசியில் செருகியிருந்த வெள்ளைச் சார்ஜருக்கு ஒயரே இல்லை. கொஞ்சம் தடியாக, ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கோடு இருந்தது. அது சார்ஜரே இல்லை, சார்ஜர் வேஷம் போட்ட குட்டிக் கம்ப்யூட்டர். அது சொல்லிக்கொடுத்திருந்த வழி என்ன என்று ஜோயல் மேஜைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தான். நாலே வரி.

"கேக்குற கம்ப்யூட்டர் கோட்டைக்குப்பத்துதா இருந்தா. பாக்குறது கடல் நிலவரமா இருந்தா. தேதி பதினொண்ணு இல்லன்னா இருபத்திரெண்டு, காலைல நாலுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்னா. அப்ப மட்டும் என் வாசல் வழியா வா, நான் பச்சையாக் காட்டுறேன். மத்த நாளெல்லாம் நேராப் போய்க்கோ, உன் வழிக்கு வர மாட்டேன்." ஜோயல் நிமிர்ந்தான். "மத்த பத்து குப்பத்துக்கும் உண்மையச் சொல்லிக்கிறான். இந்தக் குப்பத்துக்கு ரெண்டே ரெண்டு நாள் பொய். அதுல ஒண்ணு முடிஞ்சு போச்சு. இன்னொண்ணு இன்னிக்கு."

அவன் வாழ்க்கையில் எத்தனையோ கத்திகளைப் பார்த்துவிட்டான். நாலு வரியில் மூன்று பிணத்தைப் பார்த்தது அன்றுதான்.

"வெச்சது யாரா வேணா இருக்கலாம் மேடம்" என்றாள் காவியா. "போன் போட பாதி குப்பம் உள்ள வந்து போகும்."

மோகனப்பிரியா அந்த நாலு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் பதினொன்று? ஏன் இருபத்திரண்டு?" என்றாள் தனக்குத்தானே. "நடுவே பதினோரு நாள்."

காவியா தலையைத் தூக்கினாள். "பாடு மேடம். முகத்துவாரத்துல நெனச்சவங்க வல கட்ட முடியாது. குப்பத்துல பதினோரு கூட்டு இருக்கு, ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு நாள். அந்த மொறைக்குப் பேரு பாடு. பதினோரு நாளைக்கு ஒருக்கா அதே ஆளுக்குத் திரும்பி வரும்."

கிழிந்த உதட்டோடு எழுந்து வந்து கம்ப்யூட்டரில் பாடு முறை அட்டவணையைத் திறந்தாள். பதினொன்றாம் தேதி: கோபால். இருபத்திரண்டாம் தேதி: கோபால்.

"செத்தது ரமேஷ்தானே?" என்றான் ஜோயல்.

"கோபாலண்ணனோட சம்சாரம் ஒன்பதாந்தேதி பொன்னேரி ஆஸ்பத்திரில கொழந்த பெத்தாங்க. பொறப்புத் தீட்டோட வலக் கயிறத் தொடக் கூடாது. அதனால பத்தாந்தேதி சாயங்காலம் மச்சான் ரமேஷுக்கு வாய்வார்த்தையா மாத்திக் குடுத்தாரு. வாய்வார்த்தையா மாத்துன பாட்ட எங்கயும் எழுத மாட்டாங்க மேடம். எழுதிட்டா அது அவனுக்கே சொந்தமாயிடும்னு சண்ட வரும். மைக்ல ஒரு தடவ சொல்லுவாங்க, அவ்ளோதான்."

மோகனப்பிரியா அவளையே பார்த்தாள். "மைக்கில் சொன்னது யார்?"

காவியா வாயைத் திறப்பதற்குள் கதவு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

பன்னிரண்டு ஆக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கூட்டத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. முதலில் வந்தவன் ஜோயலின் வயிற்றில் உதைத்தான். இரண்டாமவன் மரக்கோலைச் சுழற்ற, மேஜையில் இருந்த ஸ்க்ரீன் சுக்குநூறாகிச் சிதறியது. கோபால் காவியாவின் மிச்ச முடியைக் கொத்தாகப் பிடித்து, உடைந்த கதவின் மேலேயே இழுத்துக்கொண்டு வெளியே போனான். மரச் சிராய் அவள் முழங்காலைக் கிழித்தது. வெயிலில் கொதித்த மணலில் அவளைத் தள்ளி, துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான்.

"கோபால்!" மோகனப்பிரியாவின் குரல் பளீரென்று விழுந்தது. "அவளைக் கொல்லுங்க, நான் தடுக்கல. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுக் கொல்லுங்க. பதினொன்றாம் தேதி முகத்துவாரப் பாடு யாருடையது?"

துடுப்பு அந்தரத்தில் நின்றது. "என்னுது."

"ரமேஷுக்கு மாத்திக் குடுத்தது யார் யாருக்குத் தெரியும்?"

"குப்பத்துக்கே தெரியும். மைக்ல சொன்னோம்ல."

"மைக்ல சொன்னது யாரு?"

கோபால் குனிந்து காலடியில் கிடந்தவளைப் பார்த்தான். கூட்டத்துக்கு வெளியே, தலையில் துணி போட்டு மணலில் உட்கார்ந்திருந்த முனியம்மாள்தான் சொன்னாள். "அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. 'நாளைக்கு மொகத்துவாரப் பாடு ரமேஷண்ணனுக்கு'ன்னு. எம் புள்ள பேர மைக்ல கேட்டு நான் சிரிச்சேன்."

ஜோயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்து, அந்த வெள்ளைச் சார்ஜரைச் செங்கல்வராயனின் கையில் வைத்தான். "தலைவரே, ஒங்க கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லிக் குடுத்தது இது. ரெண்டு நாள் மட்டும் சிவப்பப் பச்சையாக் காட்டும். பதினொண்ணாந்தேதி, அப்புறம் இன்னிக்கு. ரெண்டும் கோபால் பாடு." தன் போனையும் அவர் கையில் கொடுத்தான். "நெசமான கடல் இது. பாத்துக்கோங்க."

செங்கல்வராயன் அந்தச் சிவப்பைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அலை ரமேஷுக்காக அனுப்பப்பட்டது இல்ல கோபால்" என்றாள் மோகனப்பிரியா. "உங்களுக்கு. நீங்க தப்பிச்சிட்டீங்க, அதனால இன்னிக்கு இரண்டாவது முறை. ரமேஷ்தான் போறான்னு காவியாவுக்குத் தெரியும், இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அதனால இந்தக் குப்பத்து ஆள் யாரும் இதைச் செய்யல. இந்த மைக் சத்தம் காதில் விழாத ஊர்ல படுத்துக்கிட்டு, கம்ப்யூட்டர்ல எழுதியிருக்கிற முறையை மட்டும் நம்பின ஒருத்தன் செஞ்சது."

அவள் யாரையும் கையால் காட்டவில்லை. நாற்பது தலைகளும் தாமாகவே வேப்ப மரத்துப் பக்கம் திரும்பின. பிரசாந்த் பைக் சாவியைக் கையில் எடுத்திருந்தான்.

"பிரசாந்த் சாரா?" கோபாலின் துடுப்பு கீழே இறங்கியது. "அவருக்கும் எனக்கும் இன்னா கீது? போன மாசம் வலையில ஒரு காக்கிச் சட்ட மாட்டிச்சு. பேர்ப் பட்டையில பாதி அழிஞ்சு 'சேகர்'னு மட்டும் இருந்துச்சு. செத்தவன் துணிய வூட்டுக்கு எடுத்துனு போவ மனசு வரல. பொன்னேரி போறியே, ஸ்டேஷன்ல குடுத்துடு சார்னு இவர்கிட்டதான்..."

ஜோயலுக்கு உள்ளே சுவரில் பார்த்த நோட்டீஸ் ஞாபகம் வந்தது. காணவில்லை, வனக் காவலர் தனசேகர். சட்டை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவே இல்லை, அது கிடைத்ததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கோபால்.

"டவர் ரிப்பேருன்னு வாராவாரம் அந்தத் தீவுக் காட்டுக்குப் படகு எடுத்துனு போவானே" என்றார் செங்கல்வராயன் மெதுவாக.

பிரசாந்த் பைக்கை நோக்கி ஓடவில்லை. பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த மீன் கத்தியைப் பிடுங்கி, நேராகக் கோபாலை நோக்கிப் பாய்ந்தான். நடுவில் ஜோயல் நின்றிருந்தான். வீரத்தால் நின்றான் என்று சொல்வதற்கில்லை, வயிற்று வலியில் நகர முடியவில்லை. கையை நீட்டினான். கத்தி உள்ளங்கையில் நுழைந்து புறங்கையில் எட்டிப் பார்த்தது.

"யோவ், நா டைப் அடிக்கிற கைய்யா!" என்று அலறினான்.

மரத்தடியில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து மோகனப்பிரியா பிரசாந்தின் முகத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். இரண்டு பல்லும் ரத்தமும் மணலில் தெறித்தன. அவன் மறுபடி கத்தியைப் பிடுங்க வந்தபோது கோபாலின் துடுப்பு இறங்கியது. மணிக்கட்டு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"கட்டைய ஏத்தும்போது அந்தக் காவலன் பாத்துட்டான்!" என்று மண்ணில் புரண்டுகொண்டே கத்தினான் பிரசாந்த். "செம்மரத்த வுட்டுட்டு வாயப் பொத்துனு இருன்னு கெஞ்சுனேன், கேக்கல!"

அதற்குமேல் அவன் பேசியது கேட்கவில்லை. நாற்பது பேரும் அவன் மேல் விழுந்தார்கள். மரக்கோல்கள் ஏறி ஏறி இறங்கின. சைக்கிள் செயின் ஒரு முறை சுழன்றபோது யாரோ ஒருவன் காது கிழிந்தது, அது பிரசாந்தின் காதுகூட இல்லை. மோகனப்பிரியா தொண்டை கிழியக் கத்தினாள், உயிரோடு வேண்டும் என்று. யார் காதிலும் ஏறவில்லை. செங்கல்வராயன் திரும்பி நின்றுகொண்டார். ஒரு கொலையைக் கண்டுபிடிக்க வந்து இன்னொன்றுக்குச் சாட்சியாகப் போகிறோம் என்று ஜோயலுக்கு ஆத்திரமாக வந்தது. அவனுடைய போன் செங்கல்வராயனின் கையில் இல்லாததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"கோட்டைக்குப்பம் மக்களுக்கு அறிவிப்பு." காவியாவின் குரல். கிழிந்த உதட்டால் வார்த்தைகள் வழுக்கி வழுக்கி வந்தன. "இன்னிக்கு நண்பகல் மொதல் சிவப்பு எச்சரிக்கை. மூணு மீட்டர் அலை. யாரும் கடலுக்கோ மொகத்துவாரத்துக்கோ போகாதீங்க. படக மேல இழுத்துக் கட்டுங்க."

ஓங்கிய கோல்கள் நின்றன. இத்தனை வருடமாக அந்த ஒலிபெருக்கி பேசினால் செய்கிற வேலையை அப்படியே விட்டுக் கடலைப் பார்த்துப் பழகியவர்கள். இப்போதும் பார்த்தார்கள். தூரத்தில், முகத்துவாரத்துக்கு அப்பால், தண்ணீர் கனத்து எழும்பிக்கொண்டிருந்தது.

"படகுடா!" என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான், கோல்களைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். மணலில் பிரசாந்த் மட்டும் கிடந்தான், மூச்சு இருந்தது. மோகனப்பிரியா அவன் இரண்டு காலையும் வலைக் கயிற்றால் கட்டினாள்.

கோபால் ஓடவில்லை. துடுப்பைக் கீழே போட்டுவிட்டு முனியம்மாளுக்கு முன்னால் மண்டியிட்டான். "அத்த... அது என் பாடு" என்றான். முனியம்மாள் அவன் தலையில் கை வைக்கவும் இல்லை, அவனைத் தள்ளவும் இல்லை. "ஒன் பொஞ்சாதி புள்ளையோட வூட்டுல காத்துனு இருப்பா. எழுந்து போ" என்றாள்.

ஒலிபெருக்கி மறுபடி பேசியது. "இன்னிக்கு மொகத்துவாரப் பாடு கோபாலண்ணனுக்கு. அவரு போகல."

ஜோயலுக்கு இந்த இடத்தில் சொல்ல ஏதாவது ஒரு கிண்டல் இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. கையில் சுற்றிய துணி சிவந்துகொண்டிருந்தது.

கோபால் எழுந்து மையத்துக்குப் போனான். உடைந்த கதவைத் தாண்டி உள்ளே கால் வைக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்றான். உள்ளே ஒரு கையில் ஜோயலின் போனும் மறு கையில் மைக்குமாக நின்ற காவியா அவனைப் பார்த்ததும் சுவரோடு ஒண்டினாள்.

"இன்னொரு தபா படிம்மா" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் கோடி வூட்டுக்காரங்களுக்குக் கேட்டிருக்காது."

எல்லோருக்கும் கேட்டிருந்தது. காவியா மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.